ஆட்டுக்கால் சாமி தந்த சொல்

“பேனிக் அட்டாக்மா. வேற ஒண்ணுமில்ல” என்றார் புதுச்சேரி டாக்டர்.

அந்த ‘வேற ஒண்ணுமில்ல’தான் அருள்மொழியைச் சுட்டது.

தை மாதக் கடைசியில் ஆரம்பித்தது. மரக்காணம் உப்பளத்தில், மூட்டை தைக்கும் கொட்டகையில், கையில் தையல் மெஷினோடு நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று இதயம் தொண்டைக்கு ஏறியது. விரல்கள் மரத்துப்போயின. இந்த நிமிடம் செத்துவிடுவோம் என்று தோன்றியது. வியர்வை என்றால் அப்படியொரு வியர்வை. மழையில் நின்றவள் போல ரவிக்கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. பிறகு அடிக்கடி வந்தது. எப்போதும் பகலில், அதுவும் பெரும்பாலும் உச்சி வெயிலில்.

ஈ.சி.ஜி., ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்கும் ஒருத்திக்கு ஏன் சாவு பயம்?

“மறுபடி வரும்” என்றார் டாக்டர். “வந்தா ஓடாதீங்க. நிழலா உக்காருங்க. மூச்ச மெதுவா இழுத்து, அதவிட மெதுவா விடுங்க. பத்து நிமிஷத்துல தானா எறங்கிடும். உங்க உடம்புல ஒரு அலாரம் இருக்கு. அது சும்மாவே அடிக்குது. அவ்ளோதான்.”

திரும்பும் பஸ்ஸில் கணவன் இருசப்பனுக்கு ஒரே சந்தோஷம். பெரிய நோயாக இருக்குமோ என்று பயந்துகொண்டு வந்தவன், வேர்க்கடலை வாங்கித் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தான். அருள்மொழி போனைக் குடைந்துகொண்டிருந்தாள். பி.ஏ. இங்கிலீஷ் தபாலில் படித்து முடித்தவள். ஒரு வார்த்தை அவளைக் குத்தினால் அதை விடமாட்டாள்.

“இன்னாடி அப்படித் தேடுற?”

“பேனிக்னா இன்னான்னு பாக்குறேன்.”

“இதுக்குப் போன் வேணுமா? டென்ஷன் ஆவாத, பேனிக் ஆவாதன்னு பக்கத்து வீட்டு எல்.கே.ஜி. பையன்கூட சொல்றான்.”

“அந்த வார்த்த எங்கருந்து வந்துச்சுன்னு பாக்குறேங்க. கிரேக்க நாட்டுல ஒரு சாமியாம். பேர் பான். இடுப்புக்கு மேல மனுஷன், கீழ ஆடு. கொம்புகூட உண்டு.”

இருசப்பன் கடலையை நிறுத்தினான். “சாமிக்கு ஆட்டுக் காலா?”

“ஆடு மேய்க்கிறவங்க சாமி. காடு மேடுன்னு ஆளில்லாத எடத்துல சுத்தும். உச்சி வேளையில தூங்குமாம். அந்நேரத்துல யாராவது சத்தம் போட்டு எழுப்பிட்டா கோவம் வந்து ஒரு கத்து கத்தும். மேயிற மந்தை மொத்தமும் தெறிச்சு ஓடும். எதப் பாத்து ஓடுதுன்னு மேய்க்கிறவனுக்கே தெரியாது. கண்ணுக்கு முன்னாடி புலியும் இல்ல, நரியும் இல்ல. ஆனா பயம். அந்தப் பயத்துக்கு அந்தச் சாமி பேரையே வெச்சிட்டாங்க. ராத்திரி கூடாரத்துல படுத்திருக்கிற படைகூட இப்படித்தான் திடீர்னு கலைஞ்சு ஓடுமாம்.”

“அப்புறம் எப்படி இங்கிலீஷ்ல வந்துச்சு?”

“கிரேக்கத்துலருந்து பிரெஞ்சு, பிரெஞ்சுலருந்து இங்கிலீஷ். மொதல்ல ‘பேனிக் பயம்’னு சேத்துத்தான் சொன்னாங்களாம். பான் சாமி குடுத்த பயம்னு அர்த்தம். போகப்போக பயம்ன்ற வார்த்தைய விட்டுட்டு பேனிக்ன்றத மட்டும் வெச்சுக்கினாங்க. அப்புறம் பேங்க்ல போட்ட பணம் போயிடும்னு ஜனம் ஓடுனாலும் பேனிக். கும்பல் நெரிசலும் பேனிக்.”

பெரிய முதலியார்சாவடி நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பியது. இருசப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தான்.

“அப்போ உன்னுது நோய் இல்ல. ஆட்டுக்கால் சாமி” என்றான்.

வெகு நாளைக்குப் பிறகு அருள்மொழி சிரித்தாள்.

வீட்டில் மாமியார் திரௌபதி கதையைக் கேட்டுவிட்டு முகவாயில் கை வைத்துக்கொண்டாள். “இதத்தான மொதல்லருந்து நான் சொல்லினு இருக்கேன்? உச்சியில தனியா நடந்தா முனி அடிக்கும்னு. நான் சொன்னா நாட்டுப்புறம். அதையே வெள்ளக்காரன் சொன்னா டாக்டருக்கு ஐந்நூறு ரூவா குடுக்குறீங்க.”

“அத்தே, முனி இல்ல. அவங்களும் அந்தக் காலத்துல அப்படி நெனச்சாங்க, அவ்ளோதான்.”

“அவங்க ஊரு முனிக்குக் கொம்பு. நம்ம ஊரு முனிக்கு மீச. வேற இன்னா வித்தியாசம்?”

உண்மையில் அந்தக் கதை அருள்மொழிக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆளரவமில்லாத வெளியில், உச்சி வெயிலில், காரணமில்லாமல் பயந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ காலமாக இருந்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு இருந்திருக்கிறார்கள்.

ஆனால் டாக்டர் சொன்ன அலாரம் அவளை விடவில்லை. சும்மாவே அடிக்கும் அலாரம். அப்படியென்றால் ஒருநாள் நிஜமாகவே தீப்பிடித்தால்? அப்போதும் அது இப்படித்தானே அடிக்கும்? எப்படித் தெரியும்?

அதை யாரிடமும் கேட்கவில்லை.

உப்பளத்தில் அவளே எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். “எனக்கு வந்தா யாரும் கும்பல் கூடாதீங்க. எலுமிச்சம்பழம், திருநீறு ஒண்ணும் வேணாம். நெழலா உக்கார வெய்யுங்க. மூச்சு விடச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துல சரியாயிடும்.”

நல்ல ஜனங்கள். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த முறை வந்தபோது மேஸ்திரி தட்சணாமூர்த்தியே துண்டை விசிறியாக்கி, “இழு… விடு… இழு… விடு…” என்று லாரிக்கு ரிவர்ஸ் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். அதே உப்பளத்தில் இருசப்பனோடு உப்பு வாரும் கூட்டாளி சாலமன், “அண்ணிக்கு ஆட்டுக்கால் வந்துடுச்சு” என்று கேலி செய்தான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சித்திரை முடியும் நேரம். உப்பளத்து வேலை விடியுமுன்பே தொடங்கும். பாத்தியில் பூத்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் சேர்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் கரையேறிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஏறவில்லை. சாயங்காலம் கோடை மழை வரும் என்று எல்லார் போனிலும் வந்திருந்தது. வரப்பில் கிடக்கும் உப்பை அம்பாரமாகக் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடாவிட்டால், மழையோடு கரைந்து கழிமுகத்துக்குப் போய்விடும். மேஸ்திரி யாரையும் விடவில்லை.

“இன்னும் ரெண்டு வரிசைதாம்பா. முடிச்சுட்டுப் போயிடலாம்.”

ரெண்டு வரிசை முடிந்ததும் இன்னும் ரெண்டு. வானத்தில் மேகமே இல்லை. காற்று நின்றுவிட்டது. வெள்ளை உப்பில் பட்ட வெயில் கீழிருந்து மேலாக அடித்தது.

அருள்மொழி கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. சாலமன்.

“அண்ணி, ஒண்ணும் பயப்படாத. அண்ணனுக்கு உன்னுது வந்திருக்குது.”

“என்னுதா?”

“ஆட்டுக்கால். ஒட்டுவாரொட்டி போலக்குது.” அவன் பல்லைக் காட்டினான். “தலகாலு புரியாம பேசினு இருந்தாரு. நடக்க சொன்னா கோணலா நடக்குறாரு. நாங்க நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டோம். கும்பல் கூடல. அம்பாரத்துப் பக்கம் கீத்து நெழல்ல உக்கார வெச்சு மூச்சு விட வெச்சினு இருக்கோம்.”

அவளுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. இருசப்பனுக்கா? பாம்பைக் கையால் பிடித்துத் தூக்கிப்போடுகிறவனுக்கா?

வரப்பில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. நெஞ்சு படபடத்தது. அவளுக்குத் தெரியும், இது அதுதான். இதயம் மேலே ஏறுகிறது. விரல் நுனி மரக்கிறது. கழுத்திலிருந்து வியர்வை ஊற்று மாதிரி இறங்குகிறது. என்னமோ நடக்கப்போகிறது, என்னமோ நடக்கப்போகிறது என்று உடம்பு முழுக்கக் கத்துகிறது.

அது பொய்க் கத்தல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொய் என்று நம்பப் பழகித்தான் இத்தனை நாளும் தப்பித்து வந்திருக்கிறாள். உட்காரு, மூச்சு விடு என்று மனசு சொன்னது. கால்கள் நிற்கவில்லை.

கீற்று நிழலில் இருசப்பன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எதிரே மேஸ்திரி குத்துக்காலிட்டு, “இழு… விடு…” சொல்லிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் தள்ளி நின்றார்கள்.

“ஏங்க” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது.

“ஒரு டீ போடுமா. சக்கர கம்மியா” என்றான்.

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “பொண்டாட்டிய டீக்கடை ஆயா ஆக்கிட்டாம்பா!”

“நான் அருள்மொழிங்க.”

“இரும்பை ஊருக்குப் போற பஸ்ஸு போயிடுச்சா?” அவன் மேஸ்திரியைக் கேட்டான். “எங்கப்பா நின்னுனு இருப்பாரு.”

அவனுடைய அப்பா செத்து ஏழெட்டு வருடம் ஆகிறது.

“பாத்தியா, இப்படித்தான் ஒளறினு இருக்கான்” என்றார் மேஸ்திரி. “பத்து நிமிஷம் ஆவட்டும். நீதானமா சொன்ன?”

அருள்மொழி பக்கத்தில் மண்டியிட்டாள். அவளுடைய கண்கள் அவன் முகத்தில் ஒன்றைத் தேடின. தேடியும் கிடைக்கவில்லை. நிதானமாகப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மனிதன் முகம் அது. புருவம் சுருங்கவில்லை. கண் மிரளவில்லை.

பயம் இல்லை.

ஆட்டு மந்தை எதைப் பார்த்து ஓடியது என்று யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஓடியது. பயந்துதான் ஓடியது. அந்தச் சொல்லில் வேறு எதைக் கழற்றி எடுத்தாலும் பயத்தைக் கழற்ற முடியாது. இந்த மனிதனிடம் அது துளிகூட இல்லையே! பயமே இல்லாத ஒருவனுக்கு எப்படி பேனிக் வரும்?

கழுத்தில் கை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். சுட்டது. காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“மேஸ்திரி, இது அது இல்ல! தூக்குங்க! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!”

“ஏம்மா, நீ மொதல்ல பேனிக் ஆவாத” என்றார் மேஸ்திரி.

“நான் சொல்றேன் இல்ல, இது வேற!”

“அண்ணி, உன் கையப் பாரு, எப்படி ஆடுது. உனக்குத்தான் இப்ப வந்திருக்குது” என்றான் சாலமன். குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. “இப்படி உக்காரு. மூச்ச இழு. உன்னப் பாத்து அவரும் இன்னும் பயந்துக்கப் போறாரு.”

யாரும் அசையவில்லை. எல்லோரும் அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தின்படி அன்பாகக் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஓடினால் சரியாகிவிடும் என்று.

அவளுக்குக் கண் இருட்டியது. ஒருவேளை அவர்கள் சொல்வதே சரியோ? கத்துவது தன் பொய் அலாரமோ?

சாலமனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் உள்ளங்கையைத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

“ஆமாடா. எனக்கு வந்துதான் இருக்குது. தொட்டுப் பாரு, எப்படி ஊத்துது. இதுதான் பேனிக்கு. இது கெடக்கட்டும், நான் சாவ மாட்டேன்.” அதே கையை இழுத்து இருசப்பன் கழுத்தில் வைத்தாள். “இப்ப இவரத் தொடு.”

சாலமன் கையை உதறினான். முகம் மாறிவிட்டது.

“மேஸ்திரி… தோசக்கல்லு மாதிரி இருக்குது.”

இருசப்பனின் தலை அப்போதுதான் ஒரு பக்கமாகத் தொங்கியது.

அதற்குப் பிறகு யாரையும் ஏவ வேண்டியிருக்கவில்லை. ஒருவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். “தண்ணி ஊத்துங்க” என்று அருள்மொழி கத்தினாள். குடிதண்ணீர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். வழக்கமாகக் கரையேறும் நேரத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது, ஒரு சொம்பு தேறியது. மேஸ்திரி பாத்தியில் கை விட்டு அள்ளப்போனவர் நிறுத்திக்கொண்டார். பாத்தித் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். ஒரு சொட்டு உதவாது.

“ரோட்டுக்கு!” என்றான் சாலமன். “சாலம்மா அக்காகிட்ட ஐஸ் இருக்கும்!”

அம்பாரத்தை மூட வைத்திருந்த தார்ப்பாயில் இருசப்பனைக் கிடத்தி, நாலு மூலையும் நாலு பேர் பிடித்து, வரப்பில் ஓடினார்கள். வரப்பு குறுகல். ஒருவன் கால் வழுக்கிப் பாத்தியில் இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு அப்படியே ஓடினான். அருள்மொழி அந்தச் சொம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்து இருசப்பன் நெற்றியில் அழுத்தியபடி கூடவே ஓடினாள். ஈரம் உடனே காய்ந்தது. இதயம் இன்னமும் தொண்டையில்தான் இருந்தது. அது பாட்டுக்கு அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கவனிக்க நேரமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், குடை நட்டு மீன் விற்கும் சாலம்மாள், தார்ப்பாயோடு ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்து எழுந்தாள்.

“அடப் பாவிங்களா, யாரு? இருசப்பனா?”

“ஐஸ் குடுக்கா! ஐஸு!”

அவள் தெர்மோகோல் பெட்டியை அப்படியே அவன் மேல் கவிழ்த்தாள். இறாலும் ஐஸும் சேர்ந்து விழுந்தன. அருள்மொழி ஐஸை மட்டும் பொறுக்கி அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் அடைத்தாள். உருகிய தண்ணீரைச் சாலம்மாள் செம்பால் மொண்டு மொண்டு நெஞ்சில் ஊற்றினாள். மேஸ்திரி தன் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். வாய் ஓயாமல் முணுமுணுத்தது.

“நான் விட்டிருக்கணும். பத்து மணிக்கே விட்டிருக்கணும்.”

யாரோ அவன் வாயில் சோடா ஊற்றப் போனார்கள். “வேணாம், நெனவு இல்ல, மூக்குல ஏறிடும்” என்று அருள்மொழி தட்டிவிட்டாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

சைரன் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, “ஹீட் ஸ்ட்ரோக். ஐஸ் வெச்சது யாரு?” என்று கேட்டாள். சாலமன் அருள்மொழியைக் காட்டினான். டாக்டர் தலையசைத்தாள். ஆனால் முகம் தெளியவில்லை. “சூடு எறங்குது. மூள எவ்ளோ பாதிச்சிருக்குன்னு முழிச்சாத்தான் சொல்ல முடியும். கிட்னியும் பாக்கணும்.”

திரௌபதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“உச்சியில நிக்க வெச்சுட்டாங்களா? முனியா?”

“வெயிலு அத்தே. வெறும் வெயிலு.”

திரௌபதி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இருசப்பன் கண் திறந்திருந்தான். மூக்கில் குழாய். டாக்டர் குனிந்து கேட்டாள்: “உங்க பேரு?”

அவன் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. “இரு…சப்பன்.”

“இவங்க யாரு?”

அவன் அருள்மொழியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அதே நிதானமான, யாரோ எவரோ என்ற பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

“கொஞ்சம் வெயிட் பண்ணுவோம்” என்றாள் டாக்டர்.

அருள்மொழி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே இடி இடித்தது. மழை வந்தது. ஜன்னலில் சாரல் அடித்தது. மூடாமல் விட்டுவந்த உப்பெல்லாம் கரைந்துகொண்டிருக்கும். கரையட்டும். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடிச் சத்தத்தில் அவன் மறுபடி கண் விழித்தான். கூரையைப் பார்த்தான். கையில் ஏறும் குளுக்கோஸைப் பார்த்தான். கட்டில், சுவர், டாக்டர். பிறகு அவள்.

“இவங்க யாருன்னு தெரியுதா?” டாக்டர் கேட்டாள்.

“அருளு” என்றான். “என் சம்சாரம்.”

சொல்லி முடித்ததும் அவன் புருவம் சுருங்கியது. கண்கள் அகன்றன. எழப் பார்த்தான், முடியவில்லை. ஊசி குத்திய கையால் தடுமாறி அவள் விரல்களைப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தான்.

“அருளு, எனக்கு இன்னாடி ஆச்சு? எங்க இருக்கேன்? செத்துடுவேனா?”

நடுங்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கை வேர்த்திருந்தது. அந்தக் கண்களில் பயம் இருந்தது, அசல் பயம். அதைப் பார்த்த பிறகுதான் அருள்மொழிக்கு அழுகை வந்தது.